தரை தொடாத பக்கம்

அத்தியாயம் 9

டார்லா வெஸ்ட்ஃபால் பௌலிங் பந்தை என் மேஜைமேல் வைத்தாள். அது உருண்டு தொலைபேசியில் முட்டி நின்றது.

"இதுதான் சார் பிணம்" என்றாள்.

ஃபெர்ன் காபிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள். "மூணு ஓட்டை இருக்கு, பாஸ். கிட்ட இருந்து சுட்டிருக்காங்க."

துப்பறியும் வேலையில் ஃபெர்ன் என் உதவியாள். அதற்கு முன் மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்தவள். யார் எந்தத் துக்கத்தோடு வந்தாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். டார்லா சிரிக்கவில்லை. அவள் தபால் பட்டுவாடா செய்பவள். ஷெபாய்கன் தெருக்களில் பனியிலும் ஏரிக்காற்றிலும் நடந்து கன்னம் இரண்டும் தேய்ந்து சிவந்திருந்தன.

விஷயம் இதுதான். நேற்று சனிக்கிழமை, டிம்பர்லைன் பௌலிங் அரங்கில் மாவட்டப் பெண்கள் தனிநபர் போட்டி. காலைச் சுற்றில் டார்லா தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். பந்து நேராக வழுக்கிக்கொண்டு போனது, வளையவே இல்லை. பிறகு சாப்பாட்டு இடைவேளை. மதியம் இறுதிச் சுற்றில் பெவ் க்ரோனிக்கை எதிர்த்து ஆடினாள். அதே பந்து, அதே கை. ஸ்ட்ரைக் மேல் ஸ்ட்ரைக், வீச்சுக்கு வீச்சு பத்துக் கட்டையும் விழுந்தன. பெவ் பாதியிலேயே நம்பிக்கையை விட்டுவிட்டாள்.

கோப்பையைக் கையில் கொடுக்கும் நேரத்தில் பெவ் பந்தைச் சுட்டிக் காட்டினாள். காலையில் அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். இப்போது சிலேட்டுப் பலகைபோல் மங்கிக் கிடந்தது. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

போட்டியின் முதல் பந்து உருண்ட பிறகு, கோப்பை கொடுத்து முடிக்கும்வரை, எந்தப் பந்தின்மேலும் உப்புத்தாள் படக் கூடாது. அது சங்கத்தின் விதி. கமிட்டித் தலைவி ஆர்டிஸ் நீமன் கோப்பையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள். இன்று மதியம், பாக்கர்ஸ் கால்பந்து ஆட்டம் டிவியில் தொடங்குவதற்குள், கமிட்டி கூடித் தீர்ப்புச் சொல்லும். தேய்த்தது டார்லாதான் என்று முடிவானால் கோப்பை பெவ்வுக்கு. டார்லாவின் பெயர் சங்கத்திலிருந்து நீக்கப்படும். அதன்பின் இந்த மாநிலத்தில் எந்த அரங்கிலும் எந்த அணியிலும் அவள் ஆட முடியாது.

"நான் தேய்க்கல" என்றாள் டார்லா. "யாரு செஞ்சதுன்னு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் வெளிய வரணும். அது போதும்."

பந்தைப் பராமரிப்பது யார் என்று கேட்டேன். அரங்கில் பந்துக் கடை வைத்திருக்கும் கஸ் ஷிமான்ஸ்கி என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் அவர்தான் பாலிஷ் போட்டுக் கொடுப்பார். "எந்தப் பந்துக்கு என்ன வேணும்னு அவருக்குத் தெரியும். நான் எதுவும் சொல்றது இல்ல. வீசுறதோட சரி."

நேற்று அவள் வீட்டார் யாராவது வந்தார்களா என்று கேட்டேன். கணவன் டுவெய்ன் வந்தான் என்றாள். அவன் ஆட்டம் பார்க்கிறவன் இல்லையாம். காரில் கூட்டிப் போக வந்தானாம். இதைச் சொல்லும்போது ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் பனியைத் தவிர எதுவும் இல்லை.

அவள் போனதும் மேஜை விளக்கைப் பந்தின்மேல் சாய்த்தேன்.

பந்து உருளும் பாதையான லேன் தரையில் எண்ணெய் பூசியிருப்பார்கள். பந்து உருண்டு வரும்போது அந்த எண்ணெய் மெல்லிய வளையங்களாக அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். டார்லா பந்தைத் துடைக்காமல் அப்படியே கொண்டுவந்திருந்தாள். வளையங்கள் அழகாகத் தெரிந்தன. பந்தின் எந்தப் பட்டை தரையைத் தொடுகிறது, எந்தப் பக்கம் தொடுவதே இல்லை என்று அவை சொல்லிவிட்டன.

"தேய்ச்சதுல எங்க ஆழம் அதிகம்?" என்று ஃபெர்னைக் கேட்டேன்.

விரலால் தடவிப் பார்த்தாள். அவள் விரல் போய் நின்ற இடம் டார்லாவின் பெயர் பொறித்திருந்த பக்கம். முதல் எழுத்தில் வெள்ளை வர்ணமே போய்விட்டிருந்தது. எண்ணெய் வளையம் ஒன்றுகூட அங்கே இல்லை.

"தரையைத் தொடாத பக்கம், பாஸ். கால் சுளுக்குனவனுக்குத் தலையில கட்டு போட்ட மாதிரி."

அதுதான். பந்து நன்றாக ஓட வேண்டும் என்று நினைப்பவர் தரை தொடும் பட்டையைத் தேய்ப்பார். கெட்டுப்போக வேண்டும் என்று நினைப்பவரும் அதையேதான் தேய்ப்பார். இந்த ஆள் மும்முரமாகத் தேய்த்த பக்கத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது பந்துவீச்சைப் பற்றிய கோபம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. நேராக, இணையாக, படிய வாரிய தலைமயிர்போல. அது எனக்குப் புரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

*

டிம்பர்லைன் அரங்கின் மதுக்கூடத்தில் பெவ் க்ரோனிக் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் தக்காளிச் சாறு கலந்த வோட்கா, அதற்குத் துணையாக ஒரு சின்ன பீர். தட்டில் ரொட்டிக்குள் வைத்த சாசேஜ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குரலும் அதற்கேற்ற குரல்தான். இந்தப் போட்டியில் வருஷா வருஷம் அவளுக்கு இரண்டாவது இடம்.

ஃபெர்ன் பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். பழைய வாடிக்கையாளரிடம் பேசுகிற உரிமையோடு, டார்லாமேல் பொறாமையா என்று நேராகவே கேட்டாள்.

"இல்லாம?" என்றாள் பெவ். "அதுக்குன்னு தினமும் தனியா நேரம் ஒதுக்கி வெச்சிருக்கேன். பல்லு தேய்க்கிறப்ப."

பந்தைத் தொட்டாளா என்று நான் கேட்டேன். அவள் என்னை ஒரு பாவப்பட்ட பிறவியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மிஸ்டர் ராட்கே, நேத்து காலைலயும் மதியமும் லேன்ல புது எண்ணெய். கெட்டியா. அதுல பளபளன்னு ஒரு பந்தைப் போட்டா சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிட்டுப் போகும். மங்கலான பந்துதான் தரையைக் கடிச்சு வளையும். அவளைக் கவுக்கணும்னா நான் அந்தப் பந்து கிட்டயே போயிருக்க மாட்டேன். அந்தப் பளபளப்பை நம்பித்தான் நான் ஜெயிக்கப் போறேன்னு இருந்தேன்."

நியாயமான பதில். டார்லாவைக் கெடுக்க நினைத்த யாரோ அவளை ஜெயிக்க வைத்துவிட்டார்கள். ஆட்டம் தெரியாத யாரோ.

பெவ் சாசேஜைக் கடித்துக்கொண்டே, கேட்காததையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மாலை ஊரே இங்கே மீன் வறுவல் சாப்பிட வருகிறது. மதுக்கூடத்துக்கு எதிரே கஸ்ஸின் கடை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எல்லோரும் மீனைத் தின்றுகொண்டு அவர் டார்லாவின் பந்துக்குப் பாலிஷ் போடுவதைப் பார்க்கிறார்கள். மற்றவர்களின் பந்துக்கு மெஷின்தான். டார்லாவின் பந்துக்கு மட்டும் மெஷின் முடிந்ததும் மடியில் வைத்துக் கையால் துடைப்பார்.

"அந்த அழகைப் பாக்கணும் நீங்க" என்றாள் பெவ். "என் புருஷன் என் கன்னத்தைக்கூட அப்படித் தொட்டது இல்ல."

"அதுக்கு நீ கன்னத்துல மூணு ஓட்டை போட்டுக்கணும்" என்றாள் ஃபெர்ன். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுல எப்படி பாஸ், நீங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். என் மனைவி இறந்த பிறகு கணவன் மனைவி ஜோக்குகளை அவள் என்னிடம் சொல்வதில்லை. இன்று மறந்துவிட்டாள். நான் எழுந்து கஸ்ஸின் கடைக்கு நடந்தேன்.

*

கஸ் ஷிமான்ஸ்கி ஐம்பதைத் தாண்டியவர். மெல்லிய விரல்கள், சுத்தமான நகங்கள். கடைக்குள் பாலிஷ் வாசனை. எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, டார்லாவுக்காக எதையும் செய்யத் தயார் என்றார். நேற்று கடையிலிருந்து உப்புத்தாள் எதுவும் காணாமல் போகவில்லை என்றும் சொன்னார். வட்டமான தாள்கள், சொரசொரப்பு வாரியாக, அதனதன் கொக்கியில் தொங்கின.

ஃபெர்ன் தெரியாதவள்போல் கேட்க, அவர் ஒரு பந்தை மெஷினில் வைத்துச் சுழலவிட்டு, ஈரத் தாளை மேலே அழுத்திக் காட்டினார். கீறல்கள் வளையம் வளையமாக விழுந்தன. பந்தைத் திருப்பி வைத்து மறுபடி அழுத்தினார். வளையத்துக்குக் குறுக்கே வளையம்.

டார்லாவின் பந்தில் நேர்கோடுகள் இருப்பதைச் சொன்னேன். கையால் தேய்த்தால் அப்படி விழுமா என்று கேட்டேன்.

"கையால தேய்ச்சாலும் சுத்திச் சுத்தித்தான் தேய்ப்போம், தம்பி. ஒரே பக்கமா எவனும் தேய்க்க மாட்டான். பந்துக்கு ஏது பக்கம்?"

அலமாரியில் நேற்று ஆடியவர்களின் பந்துகள் வரிசையாக இருந்தன. சிவப்பு, பச்சை, பழுப்பு. எல்லாம் மங்கல். ஃபெர்ன் காரணம் கேட்டாள். சனிக்கிழமை புது எண்ணெய் என்று தெரியும், அதனால் வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் மங்கலாக்கிக் கொடுத்தேன் என்றார் கஸ். பெருமையாகவே சொன்னார்.

"டார்லாவோடது மட்டும் பளபளன்னு இருந்துதே?" என்றேன்.

மெஷினை நிறுத்தினார். "அவ அப்படித்தான் கேட்டா."

   வெளியே வந்ததும் ஃபெர்ன் வாயைத் திறந்தாள்.

"பாஸ், அந்தம்மா எதுவும் கேக்கறதே இல்லன்னு நம்மகிட்ட சொன்னாங்க."

"தெரியும். முதல்ல தேய்ச்சவனைப் பிடிப்போம். பாலிஷ் விஷயம் அப்புறம்."

மதுக்கூடத்துக்குத் திரும்பி ஒரு காபி சொன்னேன். ஃபெர்ன் ஸ்டூலில் ஏறும்போது அதன் மர இருக்கையைத் தடவி, வழவழப்பாக இருக்கிறது, போன வருஷம் இதில் உட்கார்ந்தால் காலுறை கிழியும் என்றாள். நான் குனிந்து பார்த்தேன். ஓக் மரம். அதன் ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராக ஓடியது. தேய்த்த தடமும் அதோடு சேர்ந்தே ஓடியது. மரத்தை ரேகைப் போக்கில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் நிற்கும்.

பந்துக்கு ரேகை கிடையாது. ஆனால் மரம் தேய்த்துப் பழகிய கைக்கு அது தெரியாது. இல்லாத ரேகையைக்கூட ஒன்று வைத்துக்கொண்டு அதன் போக்கிலேயே போகும்.

"இதைப் புதுசாக்கினது யாரு?" என்று கேட்டேன்.

"இங்க எல்லா ஸ்டூலும் டுவெய்ன் வெஸ்ட்ஃபால் பண்ணினதுதான்" என்றாள் ஃபெர்ன். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்குக் கேட்டது. காபி வருவதற்குள் கார்ச் சாவியை எடுத்துவிட்டாள்.

*

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் டுவெய்ன் ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு இழுப்பு. தாளைத் தூக்கித் திரும்பக் கொண்டுபோய் மறுபடி ஒரு இழுப்பு. எப்போதும் ஒரே திசை. பெரிய உருவம். கண் இமையிலெல்லாம் மரத்தூள்.

நான் பந்தின் கீறல்களைப் பற்றிச் சொன்னேன். அவன் கை நின்றது. தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். மறுக்கவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் மதுக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். அவன் மட்டும் லேன் பக்கம் நின்றிருக்கிறான். பந்து தாங்கியில் டார்லாவின் பந்து, பெயர் மேலே தெரிய இருந்திருக்கிறது.

"என் மூஞ்சி அதுல தெரிஞ்சுது" என்றான். "எனக்குப் பின்னாடி பார்ல அவங்க ரெண்டு பேரும் தெரிஞ்சாங்க. கஸ் அவளுக்குக் காபி கொண்டுவந்து குடுக்கறான். குட்டியா, வளைஞ்சு, மூணு பேரும் அந்தப் பந்துக்குள்ள. கோட்டுப் பாக்கெட்ல தாள் இருந்துது. எப்பவும் இருக்கும்."

"ஒரு காபிக்காகவா?" என்றாள் ஃபெர்ன்.

"காபி இல்ல. நான் தேய்க்கிறவன். ஒரு சாமான் அப்படி மின்னணும்னா அதை எவ்வளவு நேரம் கையில வெச்சிருக்கணும்னு எனக்குத் தெரியும். பாக்கிறவங்களுக்கு அது வெறும் பளபளப்பு. எனக்கு அது மணிக்கணக்கு."

பந்தை எடுத்துக்கொண்டு காருக்குப் போய் மடியில் வைத்துத் தேய்த்திருக்கிறான். கொண்டுவந்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். அவள் தோற்றால் தோற்கட்டும் என்று நினைத்தானாம். ஜெயித்தது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்ததாம். ஊரே எழுந்து கைதட்டியது, கஸ்ஸும் தட்டினார். அவன் மட்டும் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நின்றான். பாக்கெட்டில் அந்தத் தாள்.

சங்கத்திலிருந்து அவள் பெயரை நீக்கப் போவதைச் சொன்னேன். கூட்டத்துக்கு வந்து உண்மையைச் சொன்னால் போதும் என்றேன்.

"கஸ் முன்னாடி நின்னு, ஆமா, எனக்குப் பொறாமைன்னு சொல்லணுமா?"

"ஆமா."

"இந்த ஊர்லயா?"

மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். அவன் வராவிட்டால் நானே அவன் பெயரைச் சொல்லிவிடுவேன் என்றேன். சொல்லிக்கொள் என்பதுபோல் தலையாட்டினான். நாங்கள் கதவை எட்டும்போது தாளின் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

*

கமிட்டி மதுக்கூடத்தின் மூலை மேஜையில் கூடியது. ஆர்டிஸ் நீமன் நடுவில். கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்திக்கொண்டு கடிகாரத்தையும் டிவியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மேஜைமேல் கோப்பை, பக்கத்தில் பந்து. சுற்றிலும் பாக்கர்ஸ் அணியின் பச்சை மஞ்சள் சட்டை போட்டவர்கள் பீரோடு நின்றார்கள். ஆட்டம் பார்க்க வந்தவர்கள். அதற்கு முன் இதுவும் ஒரு ஆட்டம். டார்லா கை கட்டி உட்கார்ந்திருந்தாள். பெவ் கோப்பைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தாள். கஸ் தன் கடை வாசலில் சாய்ந்து நின்றார்.

தரை தொடாத பக்கத்தைக் காட்டினேன். நேர்கோடுகளைக் காட்டினேன். ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி அதன் ரேகையைக் காட்டினேன். இது மரம் தேய்க்கிற கை என்றேன்.

ஆர்டிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "கோடு நல்லாத்தான் இருக்கு. கோட்டை வெச்சு ஒருத்தர் பேரை எழுதிக்க முடியாது. டார்லா ஒரே பக்கமா தேய்ச்சிருக்கலாம். பழக்கம் இல்லாத யாரு வேணா தேய்ச்சிருக்கலாம்."

அப்போது கதவு திறந்தது. குளிரும் டுவெய்னும் உள்ளே வந்தார்கள். கோட்டுகூடப் போடவில்லை. சட்டையெல்லாம் மரத்தூள்.

அவன் யாரையும் பார்க்கவில்லை. பந்தைப் பார்த்துப் பேசினான்.

"நான்தான் தேய்ச்சேன். அவளுக்குத் தெரியாது. கஸ் போட்ட பாலிஷை என்னால பாக்க முடியல. அவ்வளவுதான்."

ஒருவன் சிரித்தான். அது பரவியது. யாரோ பீரைத் துப்பினார்கள். டுவெய்னின் காது சிவந்தது. ஆனால் நின்ற இடத்திலேயே நின்றான். கஸ்ஸும் சிரித்தார், மென்மையாக, தலையை ஆட்டிக்கொண்டு. "டுவெய்ன், டுவெய்ன். என்னைப் பாத்தா உனக்கு..."

"கஸ்" என்றேன். "எல்லார் பந்தையும் மங்கலாக்கிட்டு இவங்களோடத மட்டும் ஏன் பளபளப்பாக்கினீங்க?"

"சொன்னேனே. அவ கேட்டா."

"நான் எப்பக் கேட்டேன்?" என்றாள் டார்லா.

சிரிப்பு அடங்கியது. இந்த அறையில் எல்லோரும் பந்து வீசுகிறவர்கள். புது எண்ணெயில் பாலிஷ் போட்ட பந்து என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேற்று மட்டுமா என்று ஆர்டிஸ் கேட்டாள்.  டார்லா தான் தோற்ற ஒவ்வொரு போட்டியையும் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் ஒரு வெள்ளிக்கிழமை.

"ஏன் கஸ்?" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

கஸ் தன் சுத்தமான விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நீ வீசுறப்ப சத்தமே வராது. பந்து தரையில இறங்கறதே தெரியாது. நான் வாழ்க்கை பூரா முயற்சி பண்ணிட்டேன். எனக்கு அது வரல. நீ தபால் பையை இறக்கி வெச்சுட்டு வந்து சாதாரணமா அதைச் செய்யற. நான் உன் பந்தைத் துடைச்சுக் குடுக்கணும்."

கடைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டார்.

ஊர் அதைக் காதல் என்று நினைத்தது. அத்தனை வெள்ளிக்கிழமையும் மீனைத் தின்றுகொண்டு ஒரு பொறாமைக்காரனின் வேலையை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். டுவெய்ன் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தன் மனைவியைக் காதலிக்காமல் போனதற்காக அவன் கஸ்மேல் கோபப்பட்டதுபோல் இருந்தது.

ஆர்டிஸ் தொண்டையைச் செருமினாள். டிவியில் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வரத் தொடங்கிவிட்டார்கள். வேறு ஆள் தேய்த்திருக்கிறான், டார்லாவின் பெயரைச் சங்கத்திலிருந்து நீக்க மாட்டோம் என்றாள். கோப்பைக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி பாக்கி.

"மதியம் பந்தை எடுத்தப்ப அது தேய்ச்சிருக்குன்னு உனக்குத் தெரிஞ்சுதா, டார்லா? தெரிஞ்சும் வீசியிருந்தா அது தப்பு. தெரியலன்னா கோப்பை உன்னோடது."

அவளுக்குத் தெரியாது என்று டுவெய்ன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். டார்லாவும் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். யாராலும் மறுக்க முடியாது. பெவ் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

டார்லா கணவனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுது" என்றாள். "விரலை வெச்சதுமே தெரிஞ்சுது. யாரு கைன்னும் தெரிஞ்சுது. எங்க வீட்டுல நான் உக்கார்ற நாற்காலி எல்லாம் அப்படித்தான் இருக்கும்."

ஃபெர்ன் என்னைப் பார்த்தாள். நான் டார்லாவைப் பார்த்தேன். "அப்ப எங்களை எதுக்கு வெச்சீங்க?"

"ஆளைக் கண்டுபிடிக்க இல்ல சார். ஆள் வாயைத் திறக்க. நான் பேசினா நாற்காலி தேய்க்கப் போயிடுவான். காலைலருந்து சாயங்காலம்வரைக்கும் அந்தக் கொட்டகை. கஸ் என் பந்தைத் துடைக்கிறதை ஊரே சொல்லிச் சிரிக்குது, இவனுக்கு உறைக்கவே இல்லன்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "தேய்ச்சிருக்கான்னு தெரிஞ்சதும், வீசிப் பாக்கணும்னு தோணுச்சு. வீசினேன்."

ஆர்டிஸ் பெருமூச்சு விட்டுக் கோப்பையைப் பெவ் பக்கம் தள்ளினாள்.

பெவ் உடனே அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள். "நான் வேணாம்னு சொல்லுவேன்னு யாரும் காத்திருக்காதீங்க" என்றாள். "இது என் வீட்டுக்கு வருது." கொஞ்ச நேரம் கழித்து டார்லாவிடம், குரலைத் தாழ்த்தி, அடுத்த முறையும் அதே மாதிரி தேய்த்துக்கொண்டு வா, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பேருந்து ஓட்டுகிறவள் தாழ்த்தின குரல் அறை முழுக்கக் கேட்டது.

டிவியின் சத்தத்தை யாரோ கூட்டினார்கள். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. டார்லா பந்தைப் பையில் போட்டாள். டுவெய்ன் அதை வாங்கக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. கதவுவரை அவன் நீட்டிய கையோடு பின்னால் போனான்.

ஃபெர்ன் பீரோடு வந்து ஜன்னல் பக்கத்தில் நின்றாள். வாகன நிறுத்தத்தில் அவர்களின் கார். இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். எஞ்சின் ஓடவில்லை. டார்லா கை வீசிப் பேசினாள். டுவெய்னும் பேசினான். அவன் அவ்வளவு பேசுவான் என்று நான் நினைக்கவில்லை. அவன் ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினான். அவள் அவன் சட்டையிலிருந்து மரத்தூளைத் தட்டிவிட்டாள், அடிப்பதுபோல். பேச்சை நிறுத்தவில்லை.

"ஜெயிச்சுக் குடுத்தோமா, தோத்துக் குடுத்தோமா பாஸ்?" என்றாள் ஃபெர்ன். "பில்லுல என்ன எழுதறது?"

கார்க் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படியத் தொடங்கியது. முதலில் டுவெய்ன் மறைந்தான். பிறகு டார்லாவின் கை மட்டும் தெரிந்தது.

"கிளம்பலாமா?" என்றாள் ஃபெர்ன்.

"கொஞ்சம் இரு" என்றேன். "இன்னும் முடியல."

ஃபெர்ன் என் விரலில் இருந்த கல்யாண மோதிரத்தைப் பார்த்தாள். தன் பீரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவளும் பார்த்தாள். கண்ணாடி முழுக்க வெள்ளையாகும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.